மூடுபயிரின் உறவுக்காரச் செடி: தொழுகண்ணியை விதையிலிருந்து வளர்த்த அனுபவம்

தொழுகண்ணி விதை லேசில் முளைக்காது, முளைத்தாலும் ஆடாது என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். விதையை வாங்கி அப்படியே மண்ணில் போட்டு, வெறும் மண்ணுக்கே மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கைவிட்டவர்கள் அவர்கள். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில். எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்வாசலில் இப்போது இடுப்பளவு உயர்ந்த செடிகள் நிற்கின்றன, அத்தனையும் விதை போட்டு வந்தவை, காற்று அசையாத மத்தியானத்தில்கூட அவற்றின் குட்டி இலைகள் தாமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்காக வெப்பத்தட்டு, விசேஷ விளக்கு, விலை கூடிய மண் என்று எதுவும் வாங்கவில்லை. ரப்பர், செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்குக் கைவந்த பழக்கங்களே இந்தச் செடிக்கும் போதும் என்பதுதான் நான் கண்டது. தோட்டங்களை விட்டு எல்லாரும் தாமான்களுக்கு வந்துவிட்ட பிறகு அந்தப் பழக்கங்களை யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செடியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் இது. அவரை, பயறு வகைகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்னப் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் கோடரியோகேலிக்ஸ் மோட்டோரியஸ். பழைய நூல்களில் டெஸ்மோடியம் ஜைரான்ஸ் என்று இருக்கும். இந்தியா, இலங்கை, மியன்மார், தென்சீனா, தாய்லாந்து என்று ஆசியாவின் வெப்பமான பகுதிகளில் தானாகவே வளர்வது. நன்றாக வளர்ந்த ஒவ்வோர் இலையிலும் நடுவில் நீளமான பெரிய இலைப்பகுதி ஒன்று இருக்கும், அதன் அடியில் காம்பின் இரண்டு பக்கமும் மிகச் சிறிய இலைகள் இரண்டு இருக்கும். ஆடுவது இந்தச் சிறிசுகள் இரண்டும்தான். நீள்வட்டமாகச் சுற்றும், ஏறும்போது நிதானமாகவும் இறங்கும்போது வேகமாகவும், நடுநடுவே நின்று வெட்டி வெட்டியும் போகும். வெயில் ஏறிய நேரத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடம், குளிர்ந்த வேளையில் அதைவிடக் கூடுதல். பெரிய இலை இப்படிச் சுற்றாது, இருட்டியதும் கீழே தொங்கித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும், விடிந்ததும் நிமிரும்.

பலர் இதைத் தொட்டாச்சிணுங்கியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் செமாலு என்று சாலையோரம், பள்ளித் திடல், கோயில் பின்புறம் எங்கும் படர்ந்து கிடக்கிறதே, அது வேறு. அது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, தொட்டால் மடங்கும், தொடாவிட்டால் சும்மா இருக்கும். தொழுகண்ணி தொடுவதற்காகக் காத்திருப்பதில்லை. தொட்டும் பிரயோசனமில்லை, குட்டி இலையின் அடியில் இருக்கும் மெல்லிய மூட்டு நசுங்கினால் அந்த இலை நின்றேபோகும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கண்ணால் மட்டும் பாருங்கள்.

அந்த மூட்டில்தான் விஷயமே இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் செல்களுக்குள் பொட்டாசியம் போன்ற உப்புகள் புகுந்தால் கூடவே தண்ணீரும் புகுந்து அவை உப்புகின்றன, எதிர்ப்பக்கத்துச் செல்கள் தண்ணீரை இழந்து சுருங்குகின்றன, இலை சாய்கிறது, அப்புறம் இதுவே மாறி நடக்கிறது. யாரும் தூண்டாமல் உள்ளிருந்தே வரும் தாளம் இது. சார்லஸ் டார்வின் தம் மகன் பிரான்சிஸ் உதவியோடு 1880ல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் செடியின் அசைவுகளைக் கோடு கோடாக வரைந்து வைத்திருக்கிறார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இன்னும் ஆழமாகப் போனார். குட்டி இலையின் துடிப்பை விலங்குகளின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார், வெப்பம் ஏறினால் என்ன ஆகிறது, தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன ஆகிறது, மயக்க மருந்து பட்டால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1917ல் அவர் தொடங்கிய போஸ் ஆய்வு நிலையம் இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது. நான் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர் கண்டறிந்ததில் ஒன்று, தண்ணீர் குறைந்தால் துடிப்பு நிற்கும், மீண்டும் தண்ணீர் ஏறினால் துடிப்பும் திரும்பும் என்பது. செடி வளர்க்கிறவருக்கு இது நேரடியாகவே உதவும், கீழே சொல்கிறேன்.

முதலில் விதை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் இருக்கிறது, விதை உள்ளே வர இறக்குமதி அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் வருவதைப் பறிமுதல் செய்யலாம். உள்ளூரில் வளர்ப்பவர்களிடமே கேட்டு வாங்கினால் புது விதையாகவும் கிடைக்கும். வாங்கும்போது விதையைப் பார்த்து வாங்குங்கள். உண்மையான விதை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அவரை விதையைச் சிறிதாக்கிய வடிவம், கரும்பழுப்பு, நல்ல பளபளப்பு, ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெளிறிய ஒரு சின்ன விளிம்பு. தட்டையாக, வெளிர்பழுப்பாக, பளபளப்பில்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் செமாலு விதை. ஆடும் செடி என்று சொல்லி அதை விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என் மாமியார் செம்பனை (எண்ணெய்ப்பனை) நாற்றங்காலில் பல வருஷம் வேலை பார்த்தவர். அதற்கு முன்னால் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எனக்கு வந்த விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்.

“ஏம்மா, இது மூடுபயிர் வித மாதிரியில்ல இருக்கு.”

“இல்ல அத்தை, இது ஆடுற செடி.”

“ஆடட்டும். தோல் அதே தோல்தான். சும்மா போட்டா கல்லு மாதிரி அப்படியே கெடக்கும். சுடுதண்ணி காட்டணும், இல்லாட்டி தேய்க்கணும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. தோட்டத்தில் பழைய மரங்களைத் தள்ளிப் புதுக்கன்று வைக்கும்போது, இடையில் இருக்கும் வெற்று மண்ணை மழை அரித்துக்கொண்டு போகாமலும் லாலாங் என்ற களைப்புல் ஏறாமலும் இருக்க, மூடுபயிர் என்று பயறுவகைக் கொடிகளை விதைப்பார்கள். புவேராரியா, காலோபோகோனியம், சென்ட்ரோசீமா, பிற்பாடு வந்த முக்குனா பிராக்டியாட்டா எல்லாம் அந்த வகை. அந்த வரிசையில் டெஸ்மோடியம் ஓவாலிஃபோலியம் என்று ஒன்றும் உண்டு, அது நம் தொழுகண்ணிக்கு மிக நெருங்கிய உறவு. இவற்றின் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது. அதனால்தான் விதைப்பதற்கு முன் சூடான தண்ணீரில் ஊறப்போடுவார்கள், பெரிய அளவில் செய்யும்போது அமிலத்தில் போட்டுக் கழுவுவார்கள், முக்குனா விதை பெரிதாக இருப்பதால் ஒவ்வொன்றாக எடுத்து நகவெட்டியால் தோலில் ஒரு சின்ன வெட்டு போடுவார்கள். நாற்றங்காலில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், நாள் முழுக்கச் செய்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் விதைத்தோலை உராய்வது எப்படி என்று கேட்காமல் ஊர் பேர் தெரியாதவர்களின் வீடியோவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பால்மர (ரப்பர் மர) விதையோடு ஒப்பிட்டால் இந்தக் கெட்டித்தோலின் அருமை புரியும். பால்மர விதைக்கு உயிர் சில வாரங்கள்தான். 1876ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன 70,000 விதைகளில் நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. அப்படித் தப்பிப் பிழைத்த கன்றுகளில் சில 1877ல் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்கு வந்தன, அன்று நட்டதில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. தொழுகண்ணி விதையோ காய்ந்த இடத்தில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும். தாங்க வைக்கிற அதே தோல்தான் முளைக்கவும் விடாது. தோலைத் திறந்துவிடுவது நம் பொறுப்பு.

பத்து இருபது விதை என்றால் தேய்ப்பதுதான் நல்லது. இரும்புக்கடையில் கெர்தாஸ் பாசிர் என்று கேட்டால் உப்புத்தாள் கொடுப்பார்கள், மெல்லிய ரகமாக வாங்குங்கள். விதையின் உள்வளைந்த பக்கத்தில், அது காயில் ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே முளைவேர் இருக்கிறது, அங்கே கை வைக்கவே கூடாது. எதிர்ப்பக்கம், அதாவது வெளிவளைந்த முதுகை, இரண்டு மூன்று தடவை இழுத்தால் போதும். பளபளப்பு போய் லேசாக வெளிறினாலே தண்ணீர் உள்ளே போகும். வெள்ளைப் பருப்பு தெரிகிற அளவுக்குத் தேய்த்தால் ஊறும்போது அழுகிவிடும். விதை சின்னது என்பதால் விரல் நுனியில் பிடித்துத் தேய்ப்பது கஷ்டம். தாளை மேசையில் விரித்து, விதையை வைத்து, இன்னொரு துண்டுத் தாளை மேலே வைத்து மெதுவாக உருட்டலாம், ஆனால் அப்போது எல்லாப் பக்கமும் உரசும், அதனால் அழுத்தம் குறைவாக இருக்கட்டும். கை நிறைய விதை இருந்தால் சுடுதண்ணீர் முறை. தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, கொதி அடங்கிச் சில நிமிடம் ஆன பிறகு, விதையின் மேல் ஊற்றி அப்படியே ஆறவிட்டு இரவு முழுக்க வைப்பது. அடுப்பில் வைத்து விதையை வேகவைத்துவிடாதீர்கள்.

எந்த முறையானாலும் காலையில் பார்த்தால் சில விதைகள் நன்றாக உப்பி இரண்டு மடங்காகியிருக்கும், சில அப்படியே கெட்டியாகக் கிடக்கும். உப்பியவற்றை உடனே மண்ணில் போடுங்கள். கெட்டியானவற்றைத் தூக்கி எறிய வேண்டாம், அவை செத்தவை அல்ல, தோல் இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். காயவைத்து மறுபடியும் தேய்த்து மறுபடியும் ஊறப்போடலாம். முளைக்காத விதை என்று குப்பையில் போகிறவற்றில் பெரும்பகுதி இப்படித் திறக்காத விதைகளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மண் கலவைக்குத் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிடுங்கள். அகலமான தட்டில் நிறைய விதையைத் தூவி, பிறகு பிடுங்கி நடுவது இதற்கு ஒத்துவராது. வேர் நேராகக் கீழே இறங்கும் செடி, பிடுங்கினால் முரண்டு பிடிக்கும். சின்னப் பாலிபேக்கில் ஒன்றுக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். பாலிபேக்கின் வசதி என்னவென்றால், பெரிய தொட்டிக்கு மாற்றும்போது பக்கவாட்டில் பிளேடால் கீறி மண்ணோடு மண்ணாக அப்படியே இறக்கிவிடலாம், வேருக்குத் தெரியவே தெரியாது. செம்பனைக் கன்றை நடுகிறவர்கள் செய்வதும் அதேதான்.

வெப்பத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதே இல்லை. குளிர்நாட்டுக்காரர்கள் 25 முதல் 30 பாகை வரை வைத்திருக்க மின்சாரத் தட்டு வாங்குகிறார்கள், சுங்கை சிப்புட்டில் நிழலிலேயே அவ்வளவு இருக்கிறது. உப்பிய விதை ஒரு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும், சிலது அதைவிடப் பிந்தும். நமக்கு எதிரி ஈரம். பாலிபேக்கைப் பிளாஸ்டிக் பையால் மூடி வைக்கச் சொல்வார்கள். முளைக்கும் வரை சரி, முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, இளைத்து, காலையில் நன்றாக நின்ற நாற்று சாயங்காலம் விழுந்து கிடக்கும். அது பூஞ்சை, வந்த பிறகு வைத்தியம் கிடையாது. மேலிருந்து ஊற்றாமல், தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் இந்த மாதங்களில் பேராக்கில் சாயங்கால மழை விடாது, அப்போது விதைப்பதைத் தவிர்ப்பேன். பிப்ரவரி ஒட்டிய காய்ந்த நாட்கள்தான் எனக்குப் பிடித்த விதைப்புக் காலம்.

இனி வருவதுதான் நிறையப் பேரைக் கைவிட வைக்கும் கட்டம். விதையிலை இரண்டும் விரியும், அதன் பிறகு வரும் இலைகள் ஒற்றை ஒற்றையாக வரும். பக்கத்தில் குட்டி இலை இருக்காது. நாற்று பச்சையாக, ஆரோக்கியமாக, அசையாமல் நிற்கும். ஏமாற்றிவிட்டார்கள், வேறு ஏதோ விதை என்று பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பொறுமையாக இருங்கள். செடி கொஞ்சம் உயர்ந்து, நாலைந்து இலை கடந்த பிறகு வரும் இலைகளில்தான் அடியில் நூல் போல இரண்டு துணுக்குகள் தெரியத் தொடங்கும், அதிலும் முதலில் வருபவை மிகச் சிறியவை, ஒரு பக்கம் மட்டும்கூட வரலாம். நல்ல வெளிச்சமும் கொஞ்சம் தீனியும் கிடைத்தால் அடுத்தடுத்த இலைகளில் அவை பெரிதாகிக்கொண்டே வரும். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் வைக்கக் குனியும்போது ஏதோ பூச்சி நகர்கிற மாதிரி ஓரக்கண்ணில் படும், உற்றுப் பார்த்தால் இலை. என் மாமியார் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். “எத்தன கொடிய நட்டிருக்கேன், ஒண்ணுகூட இப்படி ஆடினதில்லயே” என்றார். சமையல் அன்று என் தலையில்தான் விழுந்தது.

தீனி என்று சொன்னேன், அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இது பயறுவகை, வேரில் முடிச்சுகள் கட்டி அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மூலம் காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளக்கூடியது. மூடுபயிர் விதைக்கும்போது அந்த நுண்ணுயிர்க் கலவையையும் பாறைப் பாஸ்பேட்டையும் விதையோடு கலப்பதுண்டு. வீட்டில் அவ்வளவு வேண்டாம். நான் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, பயறுக்கொடி செழிப்பாகப் படர்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வந்து கலவையில் சேர்த்தேன். பிறகு ஒரு செடியைத் தொட்டி மாற்றிய சமயம் வேரைப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன, ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். நாற்று வயதில் மண்ணைச் சேர்க்காதீர்கள், கூடவே பூஞ்சையும் வரும். யூரியா மாதிரி நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் செடி நெடுநெடுவென்று கொழுத்து வளரும், முடிச்சு கட்டுவது குறையும். மக்கிய எரு கொஞ்சம் போதும்.

வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் மத்தியான வெயில் நேராக அடித்தால் இளஞ்செடி கருகும். கிழக்குப் பார்த்த முன்வாசல் மிகவும் பொருத்தம், காலை வெயில் பதினொரு மணிவரை விழுந்து பிறகு கூரை நிழல் வந்துவிடும். வீட்டுக்குள் வைக்க விரும்பினால் ஜன்னலை ஒட்டி வையுங்கள், ஏர்கோன் அறை மட்டும் வேண்டாம். குளிர்ச்சியில் ஆட்டம் மந்தமாகி, பார்க்கிறவர் பொறுமையிழக்கிற வேகத்துக்கு வந்துவிடும். பார்க்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் எல்லா இலையும் ஆடினால் எது தானாக ஆடுகிறது என்று தெரியாது. காலை ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம். கைப்பேசியில் டைம்லேப்ஸ் எடுத்தால் ஒரு செடியில் எத்தனை இலை ஒரே சமயத்தில் சுற்றுகிறது, ஒவ்வொன்றும் எப்படித் தனித்தனித் தாளத்தில் போகிறது என்பது அழகாகத் தெரியும். ஒரே காம்பில் இருக்கும் இரண்டு குட்டி இலைகள்கூடச் சேர்ந்து போக வேண்டும் என்பதில்லை.

போஸ் சொன்ன தண்ணீர் விஷயம் இங்கேதான் கைகொடுக்கிறது. மண் காய்ந்தால் செடி வாடித் தொங்குவதற்கு முன்பே குட்டி இலைகள் வேகம் குறைந்து நிற்கத் தொடங்கும். இலை சூடான வேளையில் ஆடாமல் நின்றால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன், காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் இலையின் அடிப்பக்கம். ஏனென்றால் அடுத்த சந்தேகம் சிவப்புச் சிலந்திப்பூச்சி. தொழுகண்ணிக்கு இதைப் போல் கெடுதல் செய்வது வேறில்லை. மழை படாத முன்வாசலும் வீட்டு உள்பக்கமும் அதற்குக் கொண்டாட்டம். இலை மேல்புறம் ஊசி குத்தியது போல் வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. கண்ணில் பட்டவுடன் செடியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் இலைகளின் அடிப்புறம் படும்படி மென்மையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், சில நாள் இடைவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும். சோப்புத் தண்ணீர் அடிப்பதானால் ஒரே ஒரு கிளையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு அடியுங்கள், குட்டி இலைகள் மிகவும் மென்மையானவை. எறும்பு ஏறுகிறதென்றால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலைக்கக்கத்தில் பாருங்கள். வயதான இலைகளில் குட்டி இலைகள் தானாக உதிர்வது மட்டும் நோயல்ல, அதற்காகப் பதற வேண்டாம்.

பாட்டுக்கு ஆடுகிறதா என்று கேட்காத விருந்தாளி இல்லை. சீனாவில் நடனப்புல் என்று இதற்குப் பெயர், இசைக்கு ஆடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருக்கிறது. மின்னல் எப்எம் வானொலி ஓடும்போதும், கரண்ட் போய் வீடே அமைதியாக இருக்கும்போதும் நான் படமெடுத்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெயில் ஏறினால் வேகம் கூடுவதுதான் பளிச்சென்று தெரிந்தது. பாட்டு போடுகிறவர்கள் பெரும்பாலும் பகலில், வெளிச்சமும் சூடும் இருக்கும்போது போடுகிறார்கள், செடி அப்போது எப்படியும் ஆடும். எதற்காக ஆடுகிறது என்பதற்கு முடிவான பதில் இன்னும் இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று அளந்து பெரிய இலையைத் திருப்புவதற்காக என்கிறார்கள் சிலர். 2013ல் வந்த ஒரு கருத்து இன்னும் சுவையானது: குட்டி இலைகள் சிறகடிக்கும் வண்ணத்துப்பூச்சி போலத் தெரிவதால், முட்டையிட வருகிற நிஜ வண்ணத்துப்பூச்சி, இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று விலகிப் போகலாமாம். எனக்கு இரண்டாவதைத்தான் நம்பப் பிடிக்கிறது, என் செடிகளில் கம்பளிப்பூச்சியைப் பார்த்த ஞாபகம் இல்லை, ஆனால் ஒரு முன்வாசலை வைத்து முடிவு சொல்ல முடியாது.

இன்னொன்று, இலை கேட்டு வருகிறவர்கள். சித்த மருத்துவத்தில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று சேர்த்துச் சொல்லப்படும் காயகற்ப மூலிகைகளில் ஒன்றாக இந்தச் செடியைக் காட்டுவார்கள், அதனால் கோயிலுக்குப் போகிற வழியில் பெரியவர்கள் நின்று இரண்டு இலை கேட்பதுண்டு. ஒரே மூலிகைப் பெயரை ஆளுக்கு ஒரு செடிக்கு வைத்திருக்கிறார்கள், அளவும் பக்குவமும் தெரியாமல் பச்சை இலையைச் சாப்பிடக் கொடுப்பது சரியல்ல. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம், அவர்களுக்கு இது எப்படிப் போய் முடியும் என்று யார் பொறுப்பெடுப்பது? தேர்ந்த சித்த வைத்தியரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். வேண்டுமானால் விதை தருகிறேன் என்பேன். விதைக்கு மறுப்பே கிடையாது.

விதை எடுப்பது சுலபம். நுனியில் கொத்தாகச் சின்ன ஊதா நிறப் பூக்கள் வரும். பக்கத்தில் இன்னொரு செடி இல்லாவிட்டாலும் காய் பிடித்தது. காய் தட்டையாக, கணுக்கணுவாகத் தெரியும், காய்ந்து பழுப்பானதும் கீழ்விளிம்பு வழியாகப் பிளந்து விதையை உதறிவிடும், அதனால் நிறம் மாறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப் பையைக் கொத்தின் மேல் மாட்டிக் கட்டிவிடுங்கள். தேநீர் வடிகட்டும் துணி போதும். விழுந்த விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத சின்ன போத்தலில் அரிசி கொஞ்சம் போட்டு வைத்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும். போத்தலில் மாதமும் வருஷமும் எழுதி ஒட்டுங்கள். காய் பறித்த பிறகு நுனிகளைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வந்து புதர் அடர்த்தியாகும், புது இலைகளில் குட்டி இலைகளும் பெரிதாக வரும். கிள்ளாமல் விட்டால் அடியில் மொட்டையாகி மேலே மட்டும் இலை நிற்கும். வயதாகித் தளர்ந்த செடியைக் காப்பாற்றப் போராடுவதைவிட ஒவ்வொரு வருஷமும் நாலைந்து விதையைத் தேய்த்துப் போட்டு வாரிசு வைத்துக்கொள்வது மேல்.

விதை கொடுக்கும்போது நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சின்னப் பொட்டலத்தில் விதையோடு விரலகல உப்புத்தாள் துண்டு ஒன்றையும் சேர்த்து மடித்துவிடுகிறேன். மாமியார் தன் பங்குக்கு, வாங்க வருகிறவரை உட்கார வைத்து, விதையின் எந்தப் பக்கத்தைத் தேய்க்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று ஒன்றை எடுத்துத் தேய்த்தே காட்டுகிறார், அவர்களையும் ஒன்று தேய்க்க வைத்த பிறகுதான் பொட்டலம் கைக்குப் போகும்.